காணிக் குடியிருப்புகளுக்குத் தொழிற்பயிற்சி: மூணு மாசத்தில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

மேலணை:

நெல்லை மாவட்டம் பாபநாசம் மலைமேல் இருக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு மூன்று மாதப் பயிற்சித் திட்டம் ஒன்று எழுதவேண்டும். அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி எல்லாம் சேர்த்து 20 பேர். வயது 18 முதல் 35. ஆணும் பெண்ணும் சரிபாதி.

மாதிரிக்கென்று வந்த பட்டியலில் தையல், அழகுக்கலை, மெழுகுவத்தி, கணினி அடிப்படை என்று இருக்கிறது. எங்கேயும் கொடுக்கும் பட்டியல்தான். இந்த இடத்துக்கு அது ஏன் பொருந்தாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முண்டந்துறை சரணாலயம் 1962-லும் களக்காடு 1976-லும் வந்தன. இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். குடியிருப்புகள் அதற்குள்ளே இருக்கின்றன. சோதனைச்சாவடிக்கு நேரம் உண்டு. இஞ்சிக்குழிக்குக் காரையாறு அணைத் தண்ணீரைக் கடந்து, அப்புறம் நடக்கவேண்டும். மெழுகுவத்திக்குப் பாரபின் கீழேயிருந்து மேலே போகவேண்டும், செய்த மெழுகுவத்தி விற்பதற்குத் திரும்பக் கீழே வரவேண்டும். இரண்டு தடவை சுமைகூலி கொடுத்த பொருள் அம்பாசமுத்திரம் கடையில் எந்த விலைக்கு நிற்கும்? அழகுக்கலைக்குச் சில டஜன் வீடுகளுக்குள் வாடிக்கை எங்கிருந்து வரும்?

நான் வைத்திருக்கும் அளவுகோல் நாலு. மூலப்பொருள் மேலேயே இருக்கணும். எடை குறைவாக, விலை கூடுதலாக இருக்கணும். வழியில் கெடக்கூடாது. சட்டப்படி கீழே இறக்க வழி இருக்கணும். இதுக்குப் பொருந்துகிற தொழில் எது, அதில் என்ன பாடம் சொல்லணும், எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

தேன்ராட்டு:

அண்ணாச்சி, அந்த நாலுக்கும் முதல்ல பொருந்துறது தேன்தான். ஆனா தேன் எடுக்கதுக்குப் பயிற்சின்னு திட்டத்துல எழுதிராதீங்க. பாறையில கொடி கட்டி இறங்குறவங்களுக்குக் கீழ இருந்து போயி அதைச் சொல்லிக்கொடுக்க ஒண்ணும் இல்ல. ராட்டு, அதாவது தேனடை, கீழ வந்தபிறகு நடக்க வேண்டிய நாலு வேலைக்குத்தான் பயிற்சி வேணும்: பிரிக்கிறது, ஈரம் பாக்கிறது, வடிக்கிறது, நிறுக்கிறது.

நிறுக்கிறதுல இருந்தே தொடங்குதேன், காசு அங்கதான் போவுது. யாவாரி பாட்டில் கணக்குல வாங்குதான். 750 மில்லி பாட்டிலை முக்கால் கிலோன்னு கணக்கு வைப்பான். தேன் தண்ணி இல்ல, ஒரு லிட்டர் காட்டுத்தேன் ஏறக்குறைய 1.39 கிலோ நிக்கும். அப்ப அந்தப் பாட்டில்ல இருக்கது 1.04 கிலோ. 2020-ல மத்திய அரசு காட்டுத்தேனுக்கு அறிவிச்ச ஆதரவு விலை கிலோ 225 ரூபா. அந்த விலையிலயே வச்சுப் பாத்தாலும் முக்கால் கிலோன்னா 169 ரூபா, உண்மைக்கு 234 ரூபா. பாட்டிலுக்கு 65 ரூபா போச்சு. பயிற்சியோட முதல் நாள், முதல் மணி நேரம் இந்தக் கணக்கா இருக்கணும். ஒரு காலி பாட்டிலையும் ஒரு மின்னணுத் தராசையும் நடுவுல வைங்க. முதல்ல தண்ணி ஊத்தி நிறுங்க, அப்புறம் தேன் ஊத்தி நிறுங்க. எழுத்துத் தெரியாதவங்களுக்கும் வெளங்கிரும்.

அடுத்தது ஈரம். உணவுப் பாதுகாப்புத் தரத்துல தேனுக்கு ஈரம் 20 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. நம்ம மலைத்தேன் எடுத்த சூட்டுல 22, 24-ன்னு நிக்கும். அதை அப்படியே அடைச்சா ரெண்டு மாசத்துல புளிச்சு, உள்ள காத்து கட்டி, மூடி தெறிக்கும். பிறவு கடைக்காரர் அடுத்த தடவை வாங்க மாட்டாரு. ஈரம் பாக்க ஒளிவிலகல் மானி ஒண்ணு வேணும், சில ஆயிர ரூபாக்குள்ள வந்திரும். வாங்கும்போது கவனம்: பழச்சாறு பாக்குற 0–32 பிரிக்ஸ் (இனிப்பு அளவு) மானி இதுக்கு ஆகாது. 58–90 பிரிக்ஸ் உள்ளது, ஈர அளவு தனியாப் போட்டது வேணும். அதைத் தண்ணிய விட்டுச் சரிபாக்க முடியாது, கூட வர்ற எண்ணெயை விட்டுச் சரிபாக்கணும். வெயில்ல வச்சிருந்த மானியில அப்படியே பாத்தா அளவு தப்பும். 20 பாகை வெப்பத்துக்குத் திருத்தம் போட்டுப் பாக்கணும்.

பிரிக்கிறது: ராட்டுல மேல மெழுகு மூடின தேன் பாகம், நடுவுல மகரந்தம், கீழ புழு. மூணையும் ஒண்ணாப் போட்டுக் கையால பிழிஞ்சா புழுச்சாறும் மகரந்தமும் கலந்து, நிறம் மங்கி, சீக்கிரம் புளிக்கும். மூடின பாகத்தை மட்டும் தனியா வெட்டி, கத்தியால மூடியைச் சீவி, எவர்சில்வர் சல்லடை மேல ஒரு ராத்திரி தானா வடிய விடணும். மூடாத பாகத்துத் தேன் தனிப் பாத்திரம், அது வீட்டுக்கு. வடிச்ச தேனை நைலான் துணி ரெண்டு மடிப்புல விட்டு, ரெண்டு நாள் அசையாம வச்சா நுரையும் மெழுகுத் தூசியும் மேல வந்திரும். அதை எடுத்திட்டு அடைக்கணும். பாட்டில் கழுவி நல்லாக் காயணும். உள்ளே ஈரம் நின்னா புளிப்பு அங்கேயே தொடங்கும்.

புழுப் பாகத்தை மரத்துலயே விட்டிட்டு வர்ற வழக்கம் இருக்க இடத்துல அதை அப்படியே காப்பாத்துங்க. அடுத்த வருசத் தேன் அதுலதான் இருக்கு.

மேலணை:

தேன்ராட்டு அண்ணாச்சி, ரொம்ப உபயோகம். ஈரம் 23 இருந்தால் 20-க்கு இறக்குவது எப்படி? அடுப்பில் வைக்கலாமா? தேனீப்பெட்டி கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. அதுபற்றியும் யாராவது எழுதுங்கள்.

தேன்ராட்டு:

நேரடியா அடுப்புல வைக்கவே கூடாது. 60 பாகைக்கு மேல போனா, சூடுபட்ட தேன்ல உருவாகுற எச்எம்எஃப்-ங்கிற பொருளோட அளவு ஏறும். கிலோவுக்கு 80 மில்லிகிராம் தாண்டினா ஆய்வகம் தள்ளிரும், வாசமும் போயிரும். தண்ணித் தொட்டிக்குள்ள பாத்திரத்தை வச்சு 40–45 பாகையில, அகலப் பாத்திரத்துல ரெண்டங்குல ஆழம், கிண்டிக்கிட்டே இருக்கணும். அதைவிட நல்லது, மூடின அறையில ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடவிட்டு, தட்டுல பரப்பி வைக்கிறது. திறந்த இடத்துல காத்தாட வச்சா ஈரம் குறையும்னு சிலபேர் நினைக்காவ. சாரல் நாள்ல தேன் காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கிடும், 23 இருந்தது 25 ஆவும்.

மெழுகை மறந்திராதீங்க. சக்கையைச் சாக்குல கட்டி, மேல கல் வச்சுத் தண்ணியில கொதிக்க விட்டா மெழுகு மிதந்து வரும், ஆறினா அடை மாதிரி எடுக்கலாம். இரும்புச் சட்டி வேண்டாம், மெழுகு கறுத்துப்போவும். பல இடத்துல இந்தச் சக்கையைத் தூக்கித்தான் போடுதாவ.

மார்த்தாண்டம் வழி:

பெட்டித் தேனீ பற்றி. மார்த்தாண்டத்தில் 1924-ல் ஒய்எம்சிஏ தொடங்கிய வேலை நூறு வருடமாக நடக்கிறது, அதனால் பெட்டி என்றதும் எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள். ஆனால் அது ரப்பர்த் தோட்டத்து முறை. ரப்பர் இலை துளிர்க்கும் தை, மாசியில் தேன் கொட்டும். முண்டந்துறைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்கு, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கு என்று இரண்டு மழையும் பிடிக்கிறது. தேனீ வெளியே போகமுடியாத மாதங்கள் அதிகம். அந்த நாட்களில் சீனியும் தண்ணீரும் சமபங்காகக் கலந்த பாகு, பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி அளவில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டு எழும்பிப் போகும். "பெட்டி கொடுத்தோம், மூணு மாசத்துல காலி" என்று சொல்லும் இடங்களில் முக்கால்வாசிக் காரணம் இதுதான். பெட்டி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் சீனிக்கு ஒதுக்குவதில்லை.

கெடுக்கும் மற்றவை: எறும்பு (தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தவேண்டும்), காலி அடையில் ஏறும் மெழுகு அந்துப்பூச்சி (தேனீ மூடாத சட்டங்களை எடுத்துவிடவேண்டும்), இந்தக் காட்டில் கரடி. கரடி வரும் இடத்தில் பெட்டியை வீட்டு முற்றத்தை விட்டு வெளியே வைக்கக்கூடாது.

இன்னொன்று முக்கியம். 1991-92-ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழுநோய் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைப் பெட்டி பெட்டியாக அழித்தது. அதனால் வெளியூரிலிருந்து தேனீயோடு பெட்டி வாங்கிக் காப்பகத்துக்குள் ஏற்றுவது தவறு. காலிப் பெட்டியில் பழைய மெழுகு தடவி, கூட்டம் பிரியும் பருவத்தில் ஆள் உயரத்தில் தொங்கவிட்டால் உள்ளூர்க் கூட்டமே வந்து அமரும். 20 பேருக்கும் ஆளுக்கு ஐந்து பெட்டி என்று கொடுக்காமல், விருப்பமுள்ள நாலைந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு வைத்துத் தொடங்குங்கள்.

கொசுத்தேனீ இன்னும் நல்லது. கொட்டாது, பாகு பெரிதாகத் தேவையில்லை, மூங்கில் கணுவிலோ 2 லிட்டர் கொள்ளும் சின்ன மரப்பெட்டியிலோ இருக்கும். வருடத்துக்கு அரைக் கிலோ கிடைத்தால் நல்ல கூடு. விலை பல மடங்கு. ஆனால் அந்தத் தேனில் ஈரம் இயல்பிலேயே கூடுதல், அதனால் மலைத்தேனோடு கலந்துவிடாமல் தனியாகச் சின்னப் புட்டியில் விற்கவேண்டும்.

வன உரிமை:

மேலணை சொன்ன நாலாவது அளவுகோல், சட்டப்படி கீழே இறக்குவது. இதைப் பாடத்தில் சேர்க்காத பயிற்சி, பொருளைச் சோதனைச்சாவடியில் கொண்டுபோய் நிறுத்தும்.

2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(இ) சிறு வனப்பொருளைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க உரிமை தருகிறது. தேன், மெழுகு, மூங்கில், கிழங்கு, மூலிகை எல்லாம் சிறு வனப்பொருளின் இலக்கணத்திலேயே பெயரோடு இருக்கின்றன. புலிகள் காப்பகம் என்பதால் இந்தச் சட்டம் விலகிவிடாது. 2012-ல் திருத்திய விதிகளின்படி, கொண்டுபோகும் அனுமதிச் சீட்டை கிராமசபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம். காய வைப்பது, வடிப்பது போன்ற மதிப்புக்கூட்டலும் வெளியே ஏற்றிச் செல்வதும் உரிமைக்குள் அடங்கும்.

நடைமுறையில் எங்கே தடுக்கிறது என்றால், தனிநபர் பட்டா மனுவை மட்டும் போட்டுவிட்டுச் சமூக உரிமை மனுவை விட்டுவிடுவார்கள். தனிநபருக்குப் படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, சமூக வன வளத்துக்கு இ. தேனும் மிளகும் எடுக்கும் காட்டுக்கு ஆ, இ இரண்டும் வேண்டும். அடுத்தது, கிராமசபையை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டுவது. குடியிருப்பிலேயே கூட்டவேண்டும். பாதிப் பேர் வந்திருக்கவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர். இந்தக் கணக்குத் தப்பினால் தீர்மானம் உட்கோட்டக் குழுவில் திரும்பிவிடும்.

பயிற்சியில் ஒரு முழுநாள் ஒதுக்கி, சீட்டுப் புத்தகம் எழுதப் பழக்குங்கள். தேதி, பொருள், எடை, எடுத்தவர், போகும் இடம், வாகன எண், மூட்டுக்காணியோ (காணிகளின் ஊர்த்தலைவர்) குழுச் செயலாளரோ கையெழுத்து, கார்பன் நகல். நகல் இல்லாத சீட்டு ஒரு நாளைக்குத்தான் உதவும்.

கல்லிடை டீச்சர்:

எல்லாரும் தேன், வனப்பொருள் என்றே எழுதுகிறீர்கள். மாறுபட்டு ஒன்று சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். 18 வயதுக்காரர்களைப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது, 13 வயதில் பள்ளியை விட்டவர்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். மலைப்பிள்ளை என்றால் மலைத்தொழில் என்று நாமே முடிவுகட்டுவது நியாயமில்லை. ஒரு காணிப் பெண் செவிலியராக வர ஆசைப்பட்டால் அவளுக்குத் தேன் வடிக்கும் சான்றிதழ் எதற்கு?

பிள்ளைகள் நிற்கும் இடம் இரண்டு. ஒன்று, ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்கு இறங்கும்போது. இன்னொன்று, எட்டு முடிந்து விடுதிக்குப் போகும்போது. தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படியும் துணையாளும் கல்வித்துறைத் திட்டத்திலேயே உண்டு. கல்வியாண்டு தொடங்குமுன் தலைமையாசிரியர் பெயர்ப்பட்டியல் அனுப்பினால்தான் அந்தப் பணம் வரும். பட்டியல் தாமதமானால் ஆனி, ஆடி மழையில் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். ஒரு மாதம் நின்ற பிள்ளை பெரும்பாலும் திரும்ப வராது.

வீட்டில் பேசும் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். முதல் வகுப்பில் பிள்ளை வாய் திறக்காததை மந்தம் என்று குறித்துவிடுகிறார்கள். குடியிருப்பிலேயே பத்தாவது முடித்த ஒரு பெண்ணை உதவியாளராக வைத்தால் முதல் பருவத்திலேயே மாற்றம் தெரியும்.

சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு வட்டாட்சியர் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் நிலையில்தான். அம்பாசமுத்திரம் வட்டத்துக்குச் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். பட்டியலில் காணிக்காரர் என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குறிப்பிட்ட வட்டங்களுக்கும்தான். வேலைக்காக வேறு மாவட்டம் போய்க் குடியேறினவர்கள் பிள்ளைக்கு அங்கே விண்ணப்பித்தால் சிக்கல். ஆறாம் வகுப்பிலேயே சான்றிதழ் வாங்கி வைத்துவிடவேண்டும். பத்தாவது தேர்வு முடிந்து, சேர்க்கை தொடங்கியபிறகு ஓடினால் விசாரணை முடிவதற்குள் இடம் போய்விடும்.

பேட்டை பயிற்றுநர்:

டீச்சர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஐடிஐ பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். எட்டாவது தேர்ச்சிக்கு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, வரைகருவி எல்லாம் இலவசம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஐடிஐ படிப்பு தகுதிதான். ஆகப் பணத்தால் நிற்பவர்கள் குறைவு. நிற்பது கணக்கால்தான். பின்னம், தசமம், மில்லிமீட்டர் அளவு மூன்றும் வராமல் முதல் மாதம் வரைபட வகுப்பில் உட்காரமுடியாது. சேர்க்கைக்கு முந்தைய வைகாசியில் 15 நாள் இந்த மூன்றை மட்டும், எஃகு அளவுகோலும் வெர்னியர் அளவியும் கையில் கொடுத்து நடத்தினால் போதும். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள், ஒரே குடியிருப்பிலிருந்து இரண்டு பேராக ஒரே பிரிவில் சேருங்கள்.

மேலணை திட்டத்துக்கு ஒரு யோசனை: சூரிய விளக்குப் பழுது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லிருந்து ஓடுகிறது, ஆனால் அந்த மலையிலேயே கம்பி போகாத வீடுகளுக்குச் சூரியத் தகடுதான் விளக்கு. கொடுத்த தகடு நன்றாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும். அமில பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றாமல் ஓடைத்தண்ணீர் ஊற்றினால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தகடு பொரிந்துபோகும். 12 வோல்ட் பேட்டரியை 11-க்குக் கீழே இறங்கவிட்டுப் பல நாள் போட்டால் சல்பேட் படிந்து திரும்பச் சார்ஜ் ஏறாது. முனையில் வெள்ளைப் பொடி பூத்தால் வெந்நீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவி வாசலின் தடவவேண்டும். சூரியத் தகட்டின் ஓரத்தில் மரநிழல் ஒரு கை அகலம் விழுந்தாலே மின்சாரம் பாதிக்கும் மேல் இறங்கும். குடியிருப்புக்கு ஒருவருக்கு ஒரு மல்டிமீட்டர், அடர்த்திமானி, பற்றவைப்புக்கோல் கொடுத்துப் பத்து நாள் சொல்லிக்கொடுத்தால் போதும். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை என்று குழு முடிவு செய்யலாம். இதற்குக் கீழே சந்தை தேவையில்லை, வாடிக்கை அங்கேயே இருக்கிறது.

ஊசிநூல்:

மேலணை அண்ணன் தையலை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். தையல் தோற்பது மிஷின் மட்டும் கொடுத்துவிட்டு வேலை கொடுக்காமல் விட்டால்தான். அரசுப் பள்ளி இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. வெட்டின துணி வரும், தைத்துக் கொடுத்தால் உருப்படிக் கூலி. அதில் சேர வீட்டு மிஷின் தையல் போதாது. நேர்த்தையல் ஒரே அளவில் விழவேண்டும், காஜா, ஓவர்லாக் தெரியவேண்டும். 30 நாளில் ஜாக்கெட் வரை கற்றுக்கொடுக்கும் பாடத்துக்குப் பதிலாக, சட்டையின் நாலு பாகத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தைக்க வைத்தால் வேகம் வரும். ஊசி மாற்றுவது, பாபின் நூல் இறுக்கம், எண்ணெய் விடுவது மூன்றும் முதல் வாரமே. மிஷின் நிற்பதில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான். கீழ்க் குடியிருப்பில், பேருந்து வரும் இடத்தில் இருக்கும் பெண்களுக்கு இது சரிவரும். இஞ்சிக்குழிக்குச் சரிவராது, ஒப்புக்கொள்கிறேன்.

மேலணை:

சரிதான் அக்கா. குடியிருப்பு வாரியாகப் பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே பாடம் என்று நான் எழுதியதே பிழையான தொடக்கம். மிளகு, இஞ்சி பற்றி யாரும் எழுதவில்லையே?

மிளகுக்கொடி:

மிளகில் கஷ்டம் பறிப்பில் தொடங்குகிறது. யாவாரி முன்பணம் கொடுத்துவிட்டால் பச்சையாகவே முன்கூட்டிப் பறித்துவிடுவார்கள். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்தபிறகு பறித்தால் மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது நிற்கும். பிஞ்சில் பறித்தால் நாலு, நாலரைக் கிலோ போட்டாலும் ஒரு கிலோ தேறாது, மணியும் சப்பையாக இருக்கும்.

உதிர்த்த மணியை மூங்கில் கூடையில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஒரே ஒரு நிமிடம் முக்கி எடுக்கவேண்டும். ஒரே கருப்பாக வரும், தூசியும் கிருமியும் போகும், காயும் நாளும் குறையும். அதற்குமேல் விட்டால் தோல் வெந்து உரியும். சாணி மெழுகின தரையில் காயப்போடாதீர்கள், வாங்குகிறவர்கள் இப்போது அதைச் சோதிக்கிறார்கள். நல்ல வெயிலில் நாலைந்து நாள். ஈரம் 11 சதவீதம் அளவுக்கு இறங்கணும். கையில் அள்ளினால் கலகல என்று சத்தம் வரணும், பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையணும். ஒரு லிட்டர் படியில் அளந்து நிறுத்தால் 500 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மிளகு, 550 நின்றால் முதல் தரம். சப்பை மிளகு 400-க்கும் கீழே கிடக்கும். இந்தப் படி-எடைச் சோதனைக்கு ஒரு செலவும் இல்லை. இதைத் தெரிந்தவர்களிடம் யாவாரி ரகம் சொல்லி விலை குறைக்கமுடியாது.

மேகமூட்டத்தில் பாதி காய்ந்ததைச் சாக்கில் கட்டினால் மூன்றாம் நாள் பூஞ்சணம். மேலே வெயில் நம்பமுடியாது என்பதால், புகைபடாத உலர்த்திக்குப் பணம் ஒதுக்கவேண்டும். இரண்டடுக்குத் தட்டு, பாலித்தீன் கூடாரம், மேலே காற்றுப்போக்கி இருந்தால் போதும்.

இஞ்சியைப் பச்சையாக இறக்கினால் சுமைகூலியிலேயே போய்விடும். சுக்காக்குங்கள். தோலை இரும்புக் கத்தியால் சுரண்டினால் கறை பிடிக்கும், மூங்கில் சீவலால் லேசாகச் சுரண்டவேண்டும். ஆழமாகச் சுரண்டினால் தோலுக்கடியில் இருக்கும் எண்ணெய் போய் மணம் இறங்கும். 7 முதல் 10 நாள் காய்ந்து, ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ சுக்கு. அதாவது சுமை ஐந்தில் ஒன்றாகிறது.

புளியங்குடி மேற்கு:

தென்காசி மாவட்டம் 2019-ல் பிரிந்தபிறகு, வாசுதேவநல்லூர், புளியங்குடிக்கு மேற்கே இருக்கும் பளியர் குடியிருப்புகள் நெல்லைத் திட்டங்களில் வருவதில்லை. அங்கே நிலைமை வேறு. மலையடிவாரம், எலுமிச்சைத் தோட்டக் கூலி. கூலியைக் கூட்டுவது தொழில்திறன்தான். எலுமிச்சையில் போத்து (வீணாக வளரும் தளிர்க்கிளை) எடுப்பது, உள்கிளை கவாத்து, வெட்டின இடத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை பூசுவது, விசைத்தெளிப்பான் பழுது. கவாத்து ஆள் என்றால் சாதாரணக் கூலிக்கு மேலே கேட்கலாம். பசைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக்கூடாது. மருந்து தெளிக்கும்போது முகமூடி, கையுறை இல்லாமல் அனுப்பும் தோட்டத்துக்குப் போகவேண்டாம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லவேண்டும்.

வன உரிமை:

இன்னொரு எச்சரிக்கை. பயிற்சிக் கையேட்டில் காணிகளின் மருத்துவத்தை எழுதிச் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1987-ல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள் களைப்பு தெரியாமலிருக்கத் தின்ற காயிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியே தெரிந்தது. திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஜீவனி மருந்தை உருவாக்கிக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று ஒத்துக்கொண்டு, 1997-ல் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பேசினார்கள். ஆனால் இலை பறிக்க வனத்துறை தடை சொன்னது, காட்டு நிழலை விட்டு வெளியே வளர்த்தால் செடி குணம் மாறுகிறது, அறக்கட்டளையும் எல்லாக் குடியிருப்புகளையும் சேர்த்து உருவாகவில்லை. பங்கு பேசுவதற்கு முன் யார் யாருக்குப் பங்கு என்று பேசவில்லை என்பதுதான் என் கருத்து. கையேட்டில் மூலிகையின் பெயர், அறுவடை முறை, எடை போதும். எந்த நோய்க்கு எப்படி என்பது குடியிருப்பின் சொத்து. அச்சில் வந்தால் திரும்ப எடுக்கமுடியாது.

நன்னாரி வேரும் மாகாளிக் கிழங்கும் அறுவடைப் பாடத்தில் வரட்டும். மொத்த வேரையும் தோண்டாமல், ஒரு பக்கத்து வேரை மட்டும் எடுத்து மண்ணை மூடவேண்டும். அந்தக் கொடியை அடுத்த இரண்டு வருடம் தொடக்கூடாது.

மேலணை:

எல்லாவற்றையும் வைத்துத் திருத்தின வடிவம் இது. 20 பேரையும் ஒரே வகுப்பாக வைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் பொது: தராசு, பாட்டில் கணக்கு, படி-எடை, சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம் வாசிப்பது, உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு. அந்தப் பதிவுக்கு ஆண்டுக்கட்டணம் 100 ரூபாய்தான், தனித்தனியே எடுக்காமல் குழுப் பெயரில் எடுப்பது நல்லது. பிறகு இஞ்சிக்குழி, மயிலாறு ஆட்களுக்குத் தேனும் மிளகும், சித்திரை, வைகாசி தேன் எடுப்போடு சேர்த்து. குடியிருப்புக்கு ஒருவர் சூரிய விளக்கு. கீழ்க் குடியிருப்புப் பெண்களில் விருப்பமுள்ளவர்களுக்குச் சங்கத் தையல். பேட்டை பயிற்றுநர் சொன்ன வைகாசிக் கணக்கு வகுப்பு இந்தத் திட்டத்துக்குள்ளேயே, ஆனால் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக.

மத்திய அரசு பழங்குடியினரின் வனப்பொருள் மதிப்புக்கூட்டலுக்குப் பணம் தரும் வன் தன் மையமாகப் பதியலாமா என்றும் பார்த்தேன். 20 பேர் கொண்ட 15 குழு, 300 பேர் ஒரு மையம், 15 லட்சம் வரை பணம். இங்கே சின்னச் சின்னக் குடியிருப்பு, நடுவில் அணையும் காடும். 300 பெயரைக் காகிதத்தில் சேர்த்துவிடலாம், ஓரிடத்தில் கூட்டமுடியாது. முதலில் ஒரே குழுவாக ஒரு தேன் பருவம் விற்றுக் காட்டட்டும்.

தேன்ராட்டு அண்ணாச்சியிடம் ஒரே கேள்வி. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை எங்கே வைப்பது? மேலே மின்சாரம் தாங்காது.

தேன்ராட்டு:

மேல வைக்காதீங்க. சின்ன இயந்திரமே 300 வாட்டுக்கு மேல இழுக்கும், ராத்திரி முழுக்க ஓடணும். கீழ விக்கிரமசிங்கபுரத்துல பத்துக்குப் பத்து அறை ஒண்ணு வாடகைக்குப் பிடிங்க. சன்னல் இடுக்கெல்லாம் பட்டியால ஒட்டி, உள்ள அறை ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழ நிக்குதான்னு ஈரமானி ஒண்ணு மாட்டிப் பாருங்க. தட்டுல ரெண்டங்குலத்துக்கு மேல ஊத்தாதீங்க, காலையும் மாலையும் கிண்டி விடுங்க. 23-ல இருந்து 20-க்கு வர்ற வரைக்கும் தினமும் ஒரே நேரத்துல மானியில பாத்துச் சிலேட்டுல எழுதணும். மேல இருந்து வரும்போதே ஒவ்வொருத்தர் தேனும் தனி வாளி, பேரும் தேதியும் ஈரமும் எழுதின சீட்டு ஒட்டினதா வரணும். மொத்தமாக் கொட்டிக் கலந்திட்டா, ஒருத்தர் வாளியில இருந்த புளிப்பு எல்லாத்துக்கும் ஏறிரும், யாருக்கு எவ்வளவு காசுன்னும் பிரிக்க முடியாது. உணவுத்தர வாளி 20 லிட்டர் வாங்காதீங்க, நிறைஞ்சா 28 கிலோ. இஞ்சிக்குழியில இருந்து படகுத்துறை வரைக்கும் தலையில சுமந்து நடக்கணும். 10 லிட்டர் வாளி, உள்மூடி உள்ளதா.